31 அங்குல அடுப்படி

எங்க வீட்டு அடுப்படி எனக்கு மூத்தது. தாத்தா கட்டியது. கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிய ஒன்றரை அடி கனச் சுவர், மேலே மங்களூர் ஓடு, கிழக்குப் பக்கம் ஒரு முழம் அகலத்துக்கு ஒரு ஜன்னல். மலையில் பழைய வீடுகளுக்கு ஜன்னலைச் சின்னதாகத்தான் வைப்பாங்க. குளிர் உள்ளே வரக்கூடாது, அதுதான் கணக்கு. வெளிச்சம் வேணுமான்னு உள்ளே நின்று வேலை பார்த்த பொம்பளைகளை யாரும் கேட்டதில்லை.

கொடைக்கானல்னு சொன்னதும் உங்களுக்கு ஏரியும், வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாவும், கணப்பு அடுப்பும் ஞாபகம் வரும். எங்களுது அது இல்லை. கீழ்ப்பழனி மலை, தாண்டிக்குடிப் பக்கம். நாலாயிரம் அடிக்கு மேலே காப்பி, மிளகு, மலைவாழை, வெண்ணெய்ப்பழம் போட்டுப் பிழைக்கிற சனம். இங்கே "நவீன வீடு" என்பது மாசத் தவணைக்கு வண்டியில் ஏற்றி வருகிற சோபாவும், டிவி ஸ்டாண்டும்.

வீட்டம்மா இந்த அடுப்படிக்கு வந்து 29 வருஷம் ஆச்சு. காலை அஞ்சு மணிக்கு வரக்காப்பியில் ஆரம்பிக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பறிப்பு. அந்த மூணு மாசமும் எங்களோடு சேர்த்துப் பத்துப் பேருக்குச் சோறு. கேஸ் அடுப்பு இருக்கு, ஒரு பழைய பெஞ்சு மேல ஏத்தி வச்சிருந்தோம், பால் காய்ச்ச. மத்ததெல்லாம் தரையில் இருக்கிற விறகடுப்பு. காய் நறுக்குவது தரையில் அரிவாள்மனையில். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முட்டி வீங்கி வத்தலக்குண்டில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். "கீழே உட்காரக் கூடாது, புகையில நிக்கக் கூடாது" என்று ரெண்டே வரியில் முடித்துவிட்டார். சொல்லிட்டார் சரி. எங்க அடுப்படியில் கீழே உட்காராமல், புகையில் நிற்காமல் ஒரு ரசம்கூட வைக்க முடியாது.

அப்படித்தான் மதுரையில் ஒரு மாடுலர் கிச்சன் கடைக்குள் நுழைந்தோம். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்குது. கடைத்தம்பி நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். முதல் கேள்வி, "எந்தக் கலர் மேடம்? மேட்டா, கிளாஸியா?" இவள் அந்த மேடை முன்னால் போய் நின்று பார்த்தாள். நாலு அடி பத்து அங்குலம் உயரம். மேடை 34 அங்குலம். சப்பாத்திக் கட்டையைப் பிடிக்கிற மாதிரி கையை வைத்துப் பார்த்தாள், தோள் ரெண்டும் மேலே தூக்கிக்கிச்சு. மேல் அலமாரியின் கீழ்த்தட்டு மட்டும்தான் எட்டுது. "தம்பி, இது என் கைக்குச் சரியா வரலையே?" என்றாள். "இதுதான் ஸ்டாண்டர்டு மேடம், பழகிரும்" என்றான்.

விலை நாலு லட்சத்து அறுபதாயிரம். மலைக்கு ஏற்றும் வண்டி வாடகை தனி. எதில் செய்வீங்க என்று கேட்டேன். பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. மரைன் பிளைவுட்டு, ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது வேணும்னா இன்னும் ஏறும். எங்க சித்தப்பா மகன் வீட்டில் தவணைக்கு வாங்கின டிவி ஸ்டாண்டை நான் பார்த்திருக்கேன். ரெண்டு ஐப்பசி கார்த்திகை மழை தாண்டினதும் காலெல்லாம் காப்பியில் நனைச்ச ரஸ்க் மாதிரி ஊதி நின்னுச்சு. வடகிழக்குப் பருவமழையில் எங்க பக்கம் ஓட்டுக்குள்ளேயே மேகம் வந்து உட்காரும். உப்பு ஜாடியில் தண்ணி நிக்கும். இந்த ஊருக்கு அந்தப் பலகை ஆகாது.

பஸ்சில் திரும்பும்போது, நகையை அடகு வைத்தால் முக்கால்வாசி தேறும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தது அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிருச்சு. "நகையை வச்சு அடுப்படி கட்ட வேணாங்க. குழம்பு கொதிக்கிறப்பெல்லாம் வட்டி ஞாபகம் வரும்" என்றாள். அதுக்கப்புறம் பண்ணைக்காடு வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை.

மச்சினன் மகள் மதுரையில் கட்டடக்கலை படிக்கிறாள். லீவுக்கு வந்தவளிடம் அந்தக் கடை கொடுத்த படத்தைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, "மாமா, இந்த மாடுலர் கிச்சன் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? கூலித் தொழிலாளிக வீட்டுக்குச் செஞ்சது" என்று ஒரு கதை சொன்னாள். எனக்கு அது பெரிய ஆச்சரியம். பணக்காரன் வீட்டுச் சாமான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

முதல் உலகப்போர் முடிந்து ஜெர்மனியில் குடியிருக்க வீடு இல்லாத நேரம். பிராங்பர்ட் நகராட்சி, எர்ன்ஸ்ட் மாய் என்ற கட்டடக்கலைஞர் தலைமையில், சாதாரணச் சனத்துக்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்டுது. அதற்கு அடுப்படி வரைந்து கொடுத்தது மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக்காரி. வருஷம் 1926. ரயிலில் சாப்பாட்டுப் பெட்டிக்குள் அத்தனூண்டு இடத்தில் எப்படி அத்தனை பேருக்குச் சமைக்கிறாங்கன்னு பார்த்து, 1.9 மீட்டருக்கு 3.44 மீட்டர், அதாவது ஆறேகால் அடிக்குப் பதினொண்ணேகால் அடி இடத்தில் எல்லாத்தையும் அடக்கிட்டாங்க. ஜன்னலடியில் உட்கார்ந்து நறுக்க ஒரு பலகை, அதுக்கு ஒரு சுழல் நாற்காலி. பருப்பு, அரிசி கொட்டி வைக்க மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள் வரிசையாக, இழுத்துச் சாய்த்தால் நேரே பாத்திரத்தில் கொட்டும். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, ஏன்னா ஓக்கில் புழு வராது. எல்லாவற்றையும் மொத்தமாகத் தொழிற்சாலையில் செய்ததால் மலிவு. அப்படிப் பத்தாயிரம் அடுப்படி அந்த ஊரில் போட்டாங்களாம்.

அலமாரிக்கு நீலம் அடிச்சாங்க, நீலத்தில் ஈ உட்காராது என்று ஒரு நம்பிக்கை. நம்ம ஊரில் சுண்ணாம்பில் ராபின் நீலம் கலந்து அடிப்போமே, அந்த ஞாபகம் வந்தது எனக்கு. அந்த அம்மா அப்புறம் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து வேலை பார்த்து ஜெயிலில் கிடந்து, 102 வயசு வரை வாழ்ந்து 2000ல் இறந்துபோனாங்க.

கதை கேட்டுக்கிட்டே வெங்காயம் உரித்த வீட்டம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். "பெட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குள்ள ஒருத்திதான் நிக்க முடியும். நான் மட்டும் தனியா நின்னு வெந்து சாகணுமாக்கும்?" என்றாள். மருமகள் கண்ணை அகலத் திறந்து, "அத்தை, இதைத்தான் பின்னாடி வந்தவங்களும் குறையாச் சொன்னாங்க" என்றாள். புத்தகம் படிக்காமலேயே அங்கே போய்ச் சேர்ந்துட்டா இவ.

எங்க மலையில் மார்கழி, தை என்றால் அடுப்படிதான் கூடம். அம்மா, பக்கத்து வீட்டு மதினி, பறிப்புக்கு வந்தவங்க, எல்லாரும் அடுப்பைச் சுத்தித்தான் கையைக் காட்டிக்கிட்டு உட்காருவாங்க. கதை நடக்கிறது அங்கே, சண்டை நடக்கிறது அங்கே, கல்யாணம் பேசி முடிக்கிறதும் அங்கேதான். அதை எடுத்துட்டு ஒரு பளபளப்பான மேடையைப் போட்டால் வீடு செத்துரும்.

மறுநாள் காலையில் மருமகள் ஒரு வேலை பார்த்தாள். அம்மா கையில் புளியங்கொட்டையைக் கொடுத்து, மருமகள் (எங்க வீட்டம்மா) வெளித் தொட்டிக்குத் தண்ணி எடுக்கப் போறப்ப ஒண்ணு, விறகுக்குப் போறப்ப ஒண்ணு, சாமான் எடுக்க உள்ரூமுக்குப் போறப்ப ஒண்ணு என்று தனித்தனித் தட்டில் போடச் சொன்னாள். அம்மாவுக்கு ஒரே குஷி. அஞ்சு மணியிலிருந்து எட்டரை மணிக்குள் தண்ணித் தட்டில் 41 கொட்டை. விறகுத் தட்டில் 9. உள்ரூம் தட்டில் 26. அந்தத் தண்ணித் தொட்டிக்கு ரெண்டு படி இறங்கணும். 41 தடவை இறங்கி, 41 தடவை ஏறுது அந்த முட்டி. தட்டைப் பார்த்துக்கிட்டே நான் கொஞ்ச நேரம் நின்னேன். நாலு லட்சத்து அறுபதாயிரம் விலை போட்ட கடையில் தண்ணி எங்கேருந்து வருதுன்னு யாரும் கேட்கவே இல்லையே.

ஆக முதல் செலவு ஒரு குழாய். தொட்டியிலிருந்து பைப் இழுத்து, உள்ளே ஒரு சிங்க். பதினோராயிரம் ரூபாய்.

மற்ற யோசனை திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. சில வருஷம் முன்னாடி ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இந்தியன் காபி ஹவுசில் ஏறினேன். காப்பி விளைவிக்கிறவன் காப்பி குடிக்கப் போன கதை. நத்தைக் கூடு மாதிரி சுத்திச் சுத்தி மேலே ஏறும் செங்கல் கட்டடம். லாரி பேக்கர் கட்டியது. சுவரில் செங்கல்லை விட்டு விட்டு வைத்த ஓட்டைகள் வழியா வெளிச்சமும் காத்தும் வருது. அதைவிட எனக்குப் பிடிச்சது, மேஜையும் பெஞ்சும். தனியாக வாங்கிப் போட்டது இல்லை, சுவரோடு சேர்த்தே கட்டினது. ஆடாது, உடையாது, தவணை கிடையாது.

பேக்கர் இங்கிலாந்தில் பர்மிங்காமில் 1917ல் பிறந்தவர். தொழுநோய் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டட வேலை பார்க்க 1945ல் இந்தியாவுக்கு வந்தார். டாக்டர் மனைவியோடு இமயமலைப் பக்கம் பித்தோரகட்டில் பதினஞ்சு வருஷம் போல இருந்துவிட்டு அப்புறம்தான் கேரளாவுக்கு வந்தார். மலைக்காரன் தன் வீட்டைக் கையில் கிடைக்கிற கல், மண், மரத்தில் கட்டுறதைப் பார்த்துத்தான் தொழில் கத்துக்கிட்டேன் என்கிற மாதிரி சொன்ன மனுஷன். செலவைக் குறைப்பது எப்படி என்று கையாலேயே எழுதி, படம் வரைந்து சின்னச் சின்னப் புத்தகங்களும் போட்டிருக்கார். மருமகள் அதில் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் எலிப்பொறிக் கட்டு என்று ஒன்று. செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தவைத்து, ரெண்டு வரிசைக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சம். நடுவே காத்து நிக்கிறதால் குளிரும் சட்டுன்னு உள்ளே வராது.

கீழே இருக்கிறவங்களுக்கு அது சும்மா சிக்கனம். எங்களுக்கு ஒவ்வொரு செங்கலும் வத்தலக்குண்டிலிருந்து கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும், வண்டி வாடகை செங்கல் விலைக்குச் சமானமா நிக்கும். கொத்தனார் ஒத்துக்க ரெண்டு நாள் ஆச்சு. "அண்ணே, செங்கலைக் குத்தவச்சா சுவர் நிக்குமா, இல்ல அதுவும் நம்மளை மாதிரி குத்தவச்சு உக்காந்துருமா?" என்று கேலி. ஒரு மூணடி கட்டிப் பார்த்து, ஏறி நின்று குதிச்சார். அப்புறம்தான் வேலை ஓடுச்சு. அடுப்படிக்குப் பின்பக்கம் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு சின்ன அறை, அதில் விறகடுப்பு, அதுக்கு மேலே ஓட்டைத் தாண்டிப் போகிற புகைக்கூண்டு. சுவரை ஒட்டி மூணு பக்கமும் காபி ஹவுஸ் மாதிரி கட்டின பெஞ்சு. தரைக்குப் பதிலா 17 அங்குல உயரத்தில் உட்காரலாம். எந்திரிக்க யாரும் கை கொடுக்க வேண்டாம்.

மரம்? அது 2018ல் வந்தது. நவம்பர் 16 கஜா புயல் நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நேரா எங்க மலை வரைக்கும் வந்துச்சு. டெல்டாவில் தென்னை போனது எல்லாருக்கும் தெரியும். இங்கே காப்பிக்கு நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் மடமடன்னு சாஞ்சு காப்பிச் செடியை நசுக்கிருச்சு. ஆஸ்திரேலியா மரம் அது. மிளகுக்கொடி ஏறும், நேரா வளரும், ஆனா காத்துக்கு நிக்காது. அப்ப வந்த வியாபாரி கேட்ட விலை விறகு விலைதான். வாங்கிட்டுப் போறது பிளைவுட்டு மில்லுக்கு. நம்ம தோட்டத்து மரம் மலையிறங்கிப் போய், தகடாச் சீவி, பசை போட்டு, நமக்கே சதுர அடிக் கணக்கில் திரும்பி வரும். நான் பத்து மரத்தைக் கொடுக்கலை. அறுத்து, நடுவே குச்சி கொடுத்து அடுக்கி, தகரக் கொட்டகையில் போட்டு வச்சேன். கிட்டத்தட்ட நாலு வருஷம் காய்ஞ்சு கிடந்துச்சு.

ஆசாரி ஒரு பலகையை இழைத்துக் காட்டினார். இளஞ்சிவப்பில் மீன் செதில் மாதிரி ரேகை ஓடுது. கடையில் அந்த ரேகையை காகிதத்தில் அச்சடிச்சுத்தான் ஒட்டி வச்சிருந்தாங்க. ஆனா சில்வர் ஓக்குக்கு ரெண்டு குணக்கேடு உண்டு. தரை ஈரத்தில் வச்சா கரையான் விடாது. அதோட தூள் உடம்பில் பட்டா சிலருக்கு அரிப்பு எடுக்கும். ஆசாரி ரெண்டாம் நாளே சொறிஞ்சுக்கிட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டுத்தான் வேலை பார்த்தார். அதனால தரையைத் தொடுற எதையும் மரத்தில் செய்யலை. குத்துச்சுவர் செங்கல், தட்டும் மேடையும் கடப்பா கல். கதவும் இழுப்பறையும் மட்டும் மரம்.

மேடை உயரத்துக்கு வருவோம். ஆசாரி டேப்பை எடுத்து, "மதினி, முழங்கையை மடக்கி நில்லுங்க" என்றார். தரையிலிருந்து முழங்கை 36 அங்குலம். செங்கலை அடுக்கி அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு மூணு நாள் வேலை பார்க்கச் சொன்னார். முதல் நாள் 33, தோள் வலிச்சது. அடுத்த நாள் 29, இடுப்பு வலிச்சது. மூணாம் நாள் 31. அன்னைக்குப் புகார் இல்லை. கேஸ் அடுப்பு வைக்கிற இடம் மட்டும் 27, ஏன்னா சோத்துப்பானை ஏறினா உள்ளே எட்டிப் பார்க்கணும்.

கத்தி அவளுக்கு ஒத்துவரலை. மருமகள் நல்ல கத்தி ஒண்ணு வாங்கிக் கொடுத்தும் ரெண்டு தடவை விரலை வெட்டிக்கிட்டா. 29 வருஷம் அரிவாள்மனையில் ஓடின கை. ஆசாரி யோசித்து, ஜன்னலடியில் 26 அங்குலத்தில் ஒரு பலாப்பலகை அடித்து, மடக்கு அரிவாள்மனையை அதிலேயே போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். வேலை முடிஞ்சதும் அலகை மடக்கிடலாம். கீழே ஒரு முக்காலி. இப்போ வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, பழைய மாதிரியே சரசரன்னு பீன்ஸ் நறுக்குறா. பிராங்பர்ட் அம்மா பார்த்திருந்தா சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் இதையும் வரைஞ்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு.

அவங்க பெட்டிகளை நாங்க எடுத்துக்கலை. மூடியில்லாத பெட்டியில் பருப்பு எங்க மூடுபனிக்கு ஒரு வாரம் தாங்காது. எவர்சில்வர் டப்பாவே இருக்கட்டும். ஆனா எல்லாம் அவள் கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரே வரிசையா, உள்ரூமுக்கு நடை இல்லாமல்.

ஜன்னலைப் பெரிசு பண்ணக் கொத்தனார் பயந்தார், பழைய மண்சுவர். ஒரு முழத்தை ரெண்டரை அடியாக்கி மேலே கல் உத்திரம் கொடுத்ததோடு நிறுத்திக்கிட்டோம். மீதி வெளிச்சத்துக்கு ஓட்டில் ஆறு இடத்தில் கண்ணாடி ஓடு மாத்தினோம். இது உங்க பாட்டி வீட்டிலேயே இருந்திருக்கும். இதுக்கு டிசைனர் தேவையில்லை.

கணக்கு கேட்பீங்க. அறையும் சுவரும் கொத்தனார் கூலியும் 42,000. கடப்பா கல் 18,000. அறுப்புக் கூலி 9,000. ஆசாரிக்கு 24 நாள், நாளுக்கு 1,100. கீல், இழுப்பறைச் சட்டம், கைப்பிடி எல்லாம் 14,000. நல்லதா வாங்கினோம், இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது. தினம் நூறு தடவை இழுக்கிற சாமான். ஜன்னல், கண்ணாடி ஓடு எட்டாயிரம் சொச்சம். குழாயோடு சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குள் அடங்கிச்சு. மிளகு வித்த பணம், வட்டி இல்லை. மரம் சொந்த மரம், அதை விலைக்கு வாங்கியிருந்தா இன்னும் ஒரு நாப்பதாயிரம் கூடும், அதையும் சொல்லிடணும். சென்னையில் பிளாட்டில் இருக்கிறவங்களுக்கு கஜாவில் சாஞ்ச மரமும் கிடைக்காது, நாலு வருஷம் போட்டு வைக்கக் கொட்டகையும் கிடையாது. ஆனா ஒரு டேப்பும், நாலு செங்கலும், ஒரு பிடி புளியங்கொட்டையும் கிடைக்கும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி அதைச் செய்துட்டுப் போங்க. அப்புறம் கலரைப் பத்திப் பேசலாம்.

இந்தப் பறிப்புக்கு வந்தவங்களெல்லாம் புது பெஞ்சில் வரிசையா உட்கார்ந்து பார்த்துட்டு, இடம் பத்தலைன்னு அம்மா பழையபடி தரையிலேயே பாய் விரிச்சுட்டாங்க. ஒரு இழுப்பறை மழைக்கு ஊதி இறுகி நிக்குது, ஆசாரி பங்குனியில் வந்து இழைச்சுத் தர்றேன்னிருக்கார். அவருக்கு இப்ப கையில் மூணு அடுப்படி வேலை. பக்கத்து வீட்டு மதினி எங்க மேடையிலேயே அளவெடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாங்களாம். மதினி அஞ்சடி நாலங்குலம். "உங்களுக்கு இது ஆகாது, முழங்கையை மடக்கி நில்லுங்க" என்று ஆசாரி டேப்பை எடுத்திருக்கார்.